சுவரில் மாட்டியிருந்த பெயர்

துணை மேயர் ப்ரோத்ரோமோஸ் யாரையும் தேடி வருகிறவர் அல்ல, ஆளனுப்பிக் கூப்பிடுகிறவர். அந்த மனிதர் தன் அறையிலிருந்து எழுந்து, நடை முழுக்க நடந்து, பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் பிரிவின் வாசலில் வந்து நின்றபோதே லியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவர் கையில் பழுப்பு நிறக் கோப்பு ஒன்று இருந்தது. அதன் அட்டையில் கரிஃபாலியா கல்பாகிடு என்று அவள் முழுப் பெயர் எழுதியிருந்தது.

"இத்தனை வருஷமா எங்ககிட்ட ஒளிச்சு வச்சிருந்தீங்களே மேடம்!" என்றார்.

பத்தொன்பது வருடமாக அவள் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த வாக்கியம் ஏறக்குறைய இதேதான். சிரித்துக்கொண்டே சொல்வார்கள் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

"எதை சார்?"

"இங்கிலீஷை! அவ்வளவு பெரிய சான்றிதழைக் கோப்புல வச்சுக்கிட்டு இங்க உட்கார்ந்து இறப்புச் சீட்டு எழுதிட்டிருக்கீங்க. நான் பாட்டுக்கு தெசலோனிக்கி நகரத்திலேர்ந்து ஆள் கூப்பிட இருந்தேன்."

விஷயம் இதுதான். பழைய புகையிலைக் கிடங்கை ஐரோப்பிய நிதியில் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அதைப் பார்வையிட ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மூன்று அதிகாரிகள் வருகிறார்கள். யாராவது ஒருவர் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கிப் பேச வேண்டும், பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"உங்களை விட்டா எனக்கு வேற யாரு?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். முடியாது என்றால் ஏன் என்பார். ஏன் என்று கேட்டால் கோப்பைத் திறப்பார். லியா அவர் போன திசையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அந்தக் கோப்பில் இருந்த சான்றிதழ் போலி அல்ல. அதுதான் தொல்லை. அசல் சான்றிதழின் நகல், முத்திரை சுத்தமானது, பெயரும் அவள் பெயர். ஆனால் அந்தத் தேர்வை எழுதியது அவள் இல்லை.

எங்கள் பக்கத்தில் மூத்த பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பார்கள். அண்ணனுக்கு ஒரு பெண், தம்பிக்கு ஒரு பெண் என்றால் இருவரும் ஒரே பெயரோடும் ஒரே குடும்பப் பெயரோடும் வளர்வார்கள். கல்யாணமானாலும் சட்டப்படி பெண்ணுக்குப் பெயர் மாறாது. கல்பாகிடு வீட்டில் குழப்பம் வராமலிருக்க ஒரு கரிஃபாலியாவை லியா என்றும் இன்னொரு கரிஃபாலியாவை ஃபிலியோ என்றும் வெட்டிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கென்றே வருடாவருடம் கொண்டாடும் பெயர்த்திருநாள் அன்று இருவரும் ஒருவருக்கொருவர் போன் செய்து, உனக்கும் எனக்கும் வாழ்த்து என்று சிரிப்பார்கள். தபால்காரர் மட்டும் சிரித்ததே இல்லை.

இருவரும் ஒரே வருடம் அந்தத் தேர்வை எழுதினார்கள். ஃபிலியோ தேறினாள், லியா தேறவில்லை. மறுபடி எழுதுகிறேன், உன் குறிப்பேடுகளைக் கொடு என்று வாங்கி வந்தபோது உள்ளே பிளாஸ்டிக் உறையில் சான்றிதழும் இருந்தது. அந்த வாரம்தான் நகராட்சியில் வேலைக்கு மனு கேட்டிருந்தார்கள். லியா நகல் எடுத்தாள். அரசாங்கத் தாள் எதிலும் அப்பா பெயர் இருக்கும். இது ஆங்கிலேயர் தாள், அவர்களுக்கு யாருடைய அப்பாவைப் பற்றியும் அக்கறை கிடையாது. அடையாள அட்டையோடு பெயர் பொருந்தியது, முத்திரை விழுந்தது. குறிப்பேடுகளையும் சான்றிதழையும் அன்று மாலையே அலுங்காமல் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் வேலை வந்தது.

அன்றிலிருந்து பயம் அவளோடு அலுவலகத்துக்கு வந்து போனது. புது மேயர் வந்தால் பயம். கோப்பு அறைக்கு வெள்ளையடித்தால் பயம். பக்கத்து மாவட்டத்தில் பள்ளிக் காவலாளி ஒருவன் பொய்ச் சான்றிதழுக்காக மாட்டிக்கொண்டு, அவன் படம் பேப்பரில் வந்த அன்று அவள் சாப்பிடவே இல்லை. கணவன் ஸ்தெர்யோஸ், மத்தி மீன் சரியில்லையா என்று மூன்று தடவை கேட்டான். அவனுக்கும் தெரியாது.

ஆறு வாரத்தில் யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது? ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் மாலைப் பள்ளிகள் நாலைந்து உண்டு. எந்தப் பள்ளிக்குப் போனாலும், பெரிய சான்றிதழ் வைத்திருக்கும் நகராட்சி ஊழியர் பாலர் பாடம் படிக்கிறார் என்று மறுநாள் காப்பிக்கடையில் பேசுவார்கள். வாயைத் திறக்காதவள் ஒருத்திதான் இருந்தாள். களவு கொடுத்தவளிடமே போய்ப் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலைமை.

ஃபிலியோவின் பள்ளி ரொட்டிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. லியா போய் நின்றபோது அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அருங்காட்சியகத்தைப் பத்தி இங்கிலீஷ்ல பேசணுமாம். என் இங்கிலீஷ் துருப்பிடிச்சுக் கிடக்கு ஃபிலியோ."

"உன்னை ஏன் கேட்டாங்க?"

லியா கரும்பலகையைப் பார்த்துச் சொன்னாள். "வேற ஆள் கிடைக்கல போல."

ஃபிலியோ துடைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பார்வை கொஞ்சம் அதிக நேரம் நீடித்தது போல லியாவுக்குப் பட்டது. "ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. பசங்க இருக்க மாட்டாங்க. வீட்டுல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வா."

முதல் ஞாயிறு, ஃபிலியோ அவளைத் தன் மேசைக்கு எதிரே உட்கார வைத்தாள். மேசைக்குப் பின்னால், சுவரில், சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. இங்கே எல்லா ஆங்கில ஆசிரியர்களும் மாட்டி வைப்பதுதான். கண்ணாடிக்குள்ளிருந்து கரிஃபாலியா கல்பாகிடு என்ற பெயர் அவளையே பார்த்தது. ஆறு ஞாயிறும் லியா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படித்தாள்.

"உனக்கு வார்த்தை தெரியும்," என்றாள் ஃபிலியோ. "எந்த வார்த்தை எதோட போகும்னுதான் தெரியாது. மழை பலமா பெய்யுதுன்னு இங்கிலீஷ்ல சொல்லு."

"ஸ்ட்ராங் ரெயின்."

"ஸ்ட்ராங் காப்பிக்கு. மழைக்கு ஹெவி."

"ஏன்?"

"ஏன்னெல்லாம் கிடையாது. சேர்ந்தே இருக்கும், சேர்த்தே படி. உன் புருஷன் உனக்கு ஏன் வந்தான்னு கேட்டியா?"

எங்கள் மொழியில் எல்லாவற்றையும் செய்வோம். தவறு செய்வோம், முடிவு செய்வோம், காப்பி செய்வோம், நடை செய்வோம், குளிக்கும்போதுகூடக் குளியல் செய்வோம். வெளியே குளிரும்கூட ஏதோ செய்துகொண்டுதான் இருக்கும். விளக்கை அணைக்க மாட்டோம், கதவை மூடுவது போல மூடுவோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் ஊற்றினால் எதிரில் இருப்பவன் நாகரிகமாகச் சிரிப்பான். லியா ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஃபிலியோ ஒவ்வொரு தடவையும் தலையை மேலே தூக்கி 'ட்ச்' கொட்டினாள். இல்லை என்பதற்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம், அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை.

பிறகு அட்டைகள் வந்தன. ஒரு பக்கம் ஜோடியின் முதல் பாதி, மறுபக்கம் இரண்டாம் பாதி. ஃபிலியோ முதல் பாதியைச் சொல்லிவிட்டு விரல் முட்டியால் மேசையில் மூன்று தட்டுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தட்டுக்குள் மறுபாதி வந்தாக வேண்டும்.

"பே."

"அட்டென்ஷன்."

"மேக்."

"மிஸ்டேக்."

"தப்பில்லாம சொல்றது மட்டும் போதாது. நீ யோசிச்சு யோசிச்சுச் சொல்றதுக்குள்ள அந்த அதிகாரிங்க ஊருக்கே திரும்பிப் போயிடுவாங்க. கடகடன்னு சொன்னா மட்டும் போதாது, தப்பாயிடும். ரெண்டும் வேணும்."

லியா அட்டைகளைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினாள், அலுவலக இழுப்பறையில் ஒளித்தாள், பேருந்தில் மடியில் வைத்துப் புரட்டினாள். "வீடு முழுக்க லாட்டரிச் சீட்டு மாதிரி கிடக்கு," என்றான் ஸ்தெர்யோஸ். ஆனால் ஆச்சரியமாக, நாக்கு பழகத் தொடங்கியது. பாதி வார்த்தையைக் கேட்டால் மறுபாதி தானாக வெளியே வந்தது. மூன்றாம் வாரம் கிடங்கின் கதையை ஐந்து நிமிடம் நிற்காமல் சொன்னாள். ஃபிலியோ பாராட்டவில்லை, 'ட்ச்' கொட்டவும் இல்லை.

நாலாவது ஞாயிறு ஃபிலியோ ஒரு புதுக் கட்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். லியா முதல் அட்டையைத் திருப்பினாள். பொய்யோடு சேரும் வினை. இரண்டாவது, ரகசியத்தோடு சேரும் வினை. மூன்றாவது, கையெழுத்தைப் போலியாகப் போடுவதற்கான வினை. அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"இது... அருங்காட்சியகத்துக்கு எதுக்கு?"

"கேள்வி எங்கேருந்து வேணாலும் வரும். நிதி கொடுத்தவன் ஊழலைப் பத்திக் கேட்க மாட்டானா?" ஃபிலியோ அட்டைகளைக் குலுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "டெல்."

"லை."

"இன்னொண்ணு. டெல்."

ஒன்று, இரண்டு. "ட்ரூத்," என்றாள் லியா.

இவளுக்குத் தெரியும். மாடிப்படி இறங்கும்போது லியாவுக்கு அந்த ஒரு நினைப்புதான். தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்காமல் எதற்குக் காத்திருக்கிறாள்? மூன்று அதிகாரிகள், மேயர், பேப்பர்காரன் எல்லோரும் கூடியிருக்கும் வியாழக்கிழமைக்காகவா? உள்ளே படித்த ஜோடிகள் ஒவ்வொன்றும் ஃபிலியோ தனக்காகத் தோண்டும் குழியில் ஒரு மண்வெட்டி வெட்டு என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் போனாள். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் இறப்பைப் பதிய வந்து அழுதபோது, ஆறுதல் சொல்ல வாயெடுத்த லியாவுக்குத் துக்கத்தோடு சேரும் ஆங்கிலச் சொல்தான் முதலில் வந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள். ஐந்தாவது ஞாயிறு ஃபிலியோ வழக்கம்போலவே பாடம் எடுத்தாள். லியாதான் படியில் ஏறுவதற்கு முன் கீழே ரொட்டிக்கடையில் கால் மணி நேரம் நின்றிருந்தாள்.

கடைசி ஞாயிறு. கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. ஜன்னல் வழியாக ரொட்டி வாசனை வந்தது. லியா எழுந்து நின்று உரையைத் தொடங்கினாள். இரண்டு நிமிடம் நன்றாகப் போனது. பிறகு கண் சுவருக்குப் போனது. கண்ணாடிக்குள் இருந்த பெயரைப் பார்த்ததும் அடுத்த சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. முட்டி மூன்று தட்டியது. ஆறு தட்டியது. வரவில்லை.

"உனக்கு இங்கிலீஷ் வருது," என்றாள் ஃபிலியோ. "பயம்தான் வாயைக் கட்டுது. மனப்பாடம் பண்ணதை விடு. உன் பயம் என்னன்னு சொந்தமா ஒரே ஒரு வாக்கியம் சொல்லு. இங்கிலீஷ்ல. நிஜமானதா."

"எனக்கு ஒண்ணும்..."

முட்டி தட்டத் தொடங்கியது. ஒன்று.

ஆறு வாரமாகப் பழக்கிய நாக்கு அவளிடம் அனுமதி கேட்கவில்லை. "நான் ஒரு க்ரைம் செய்தேன்," என்றாள் ஆங்கிலத்தில். "உன் சான்றிதழை எடுத்தேன். அது என் கோப்பில் இருக்கிறது."

லியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஃபிலியோ கத்துவாள், அழுவாள், போனை எடுப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

ஃபிலியோ தலையை மேலே தூக்கி 'ட்ச்' கொட்டினாள். "இங்கிலீஷ்ல யாரும் அதைச் செய்யறதில்ல. க்ரைமுக்கு கமிட். மறுபடி சொல்லு."

லியா மறுபடி சொன்னாள். இந்த முறை பிழை இல்லை, தடங்கலும் இல்லை. அவள் வாழ்க்கையில் முழுசாகச் சரியாக வந்த முதல் ஆங்கில வாக்கியம் அதுதான்.

"உனக்குத் தெரியும்," என்று தாய்மொழியில் அழ ஆரம்பித்தாள்.

"பத்தொன்பது வருஷமா தெரியும். நானும் அந்த வேலைக்கு மனுப் போட்டேன்டீ. நீ போட்டதுக்கு மறுநாள். ஜன்னல்ல இருந்த ஆள் கண்ணாடியைக்கூட ஏத்திப் பார்க்கல. 'இதே பேரு, இதே சான்றிதழ், நேத்தே வாங்கிட்டோம்மா. ஒரே ஆள் ரெண்டு தடவை போடக்கூடாது'ன்னு என் மனுவைக் கிழிச்சு என் கையிலேயே குடுத்தான். அப்பா பேரு வேறன்னு சொன்னேன். எழுத்தர் தப்பா எழுதியிருப்பார்னான். ரெண்டு நிமிஷம் நின்னேன். அப்புறம்தான் புரிஞ்சுது நேத்து வந்த கரிஃபாலியா யாருன்னு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அப்ப உங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தார். அப்புறம் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் எனக்கும் பயம் வந்துருச்சு." ஃபிலியோ முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தாள். "நீ மாட்டினா பேப்பர்ல என்ன பேரு வரும்? கரிஃபாலியா கல்பாகிடு, இங்கிலீஷ் சான்றிதழ் மோசடி. அதைப் படிக்கிற எந்த அம்மா என்கிட்ட பிள்ளையை அனுப்புவா? அவங்க வீடு வீடாப் போய் அது நான் இல்ல, சித்தப்பா பொண்ணுன்னு சொல்லிட்டிருக்கவா? இங்கிலீஷ்ல பேசணுமாம்னு நீ வந்து நின்னே பாரு, அன்னைக்கு எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. நீ விழுந்தா நானும் சேர்ந்துதான் விழணும். அதான் சொல்லிக்கொடுத்தேன்."

"மன்னிச்சிரு ஃபிலியோ."

"அதைக் கேட்காதே. எனக்கு வர வேண்டியதெல்லாம் என் பேரைப் போட்டுக்கிட்டு உன் வாசலுக்கே போகுது. அதை நான் மன்னிக்கல." அட்டைகளை அடுக்கி ரப்பர் வளையம் போட்டாள். "வியாழக்கிழமை நான் வர மாட்டேன். முதல்லேர்ந்து ஆரம்பி. சுவரைப் பார்க்காதே, என்னைப் பாரு."

வியாழக்கிழமை நண்பகல் கிடங்கில் நூறு பேர் இருந்தார்கள். புகையிலைக் கட்டுகளை அமுக்கும் பழைய எந்திரங்களுக்கு நடுவே மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். துணை மேயர் மைக்கில், "எங்க நகராட்சியோட சொந்த முத்து, கரிஃபாலியா கல்பாகிடு!" என்று முழங்கினார். லியா எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில், தூணோரமாக, மடியில் பையோடு ஃபிலியோ உட்கார்ந்திருந்தாள்.

லியா சுவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துப் பேசினாள். ஒவ்வொரு ஜோடிக்கும் தூணோரம் உதடுகள் லேசாக அசைந்தன. நடுவில் ஒரு இடத்தில் சொல் தடுக்கியது. அந்த உதடுகள் அதைத் தந்தன. கால் மணி நேரம் முடிந்தது, கேள்விகள் முடிந்தன, ஊழலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கைதட்டல் எழுந்தபோது, தப்பித்துவிட்டோம் என்று லியாவின் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது.

அதிகாரிகளில் மூத்தவள், பின்லாந்துக்காரி, வெள்ளைத் தலை, எழுந்து கைகுலுக்கினாள். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு இயல்பாக இருக்கிறது, யாரிடம் கற்றீர்கள் என்று மைக்கிலேயே கேட்டாள்.

பத்தொன்பது வருடத்தில் யாரும் லியாவிடம் அதைக் கேட்டதில்லை. பொய் சொல்ல அவள் நாக்கைத் தயார் செய்திருக்கவில்லை.

"கரிஃபாலியா கல்பாகிடுவிடம்," என்றாள்.

துணை மேயர் அதை உடனே எங்கள் மொழியில் எல்லோருக்கும் சொன்னார். கிடங்கே சிரித்தது. "தனக்குத் தானே டீச்சர்! பார்த்தீங்களா, இதான் எங்க ஊர் திமிரு!" என்று அவர் லியாவின் தோளில் தட்டினார். பின்லாந்துக்காரியும் சிரித்தாள்.

லியாவின் கை பாதி உயர்ந்தது. அதோ அங்கே இருக்கிறாள், அவள் என் பெரியப்பா மகள், அவள் பெயரும் அதுதான் என்று சொன்னால் போதும். சொன்னால் துணை மேயர் இரண்டு கரிஃபாலியாக்களையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்தப் பழுப்புக் கோப்பு அவர் நினைவுக்கு வரலாம். வராமலும் போகலாம். லியா தூணைப் பார்த்தாள். ஃபிலியோ தலையை மேலே தூக்கவில்லை, கீழே அசைக்கவும் இல்லை. மடியில் இருந்த பையின் மேல் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

மறுபாதி வரவில்லை. லியாவின் கை தலைமுடியைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

ஃபிலியோ எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சத்தம் வராமல் மடக்கித் தூணில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். மூன்று மணிக்கு அவளுக்கு வகுப்பு இருந்தது.